மேல்வரிசையின் உட்புறம்

முன்பற்களுக்கிடையே விழுந்திருந்த இடைவெளி மூடிவிட்டதா என்று பார்ப்பதற்காகத்தான் அன்று ஸ்கேன் எடுத்தார்கள். மூடியிருந்தது. நானும் மகளும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பியிருக்க வேண்டியவர்கள்.

திரையில் முதலில் தோன்றியது சாம்பல் நிறத்தில் ஒரு மேல்தாடை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவள் பற்களிலிருந்து கம்பியைக் கழற்றிய நாளில், பருத்த பேனாவைப் போன்ற ஒரு கருவியை வாய்க்குள் செலுத்தி எடுத்த உருவம் அது. அதன்மேல் அன்று எடுத்த உருவம் வந்து படிந்தது. இரண்டும் சற்றே அசைந்து, ஒன்றையொன்று தேடிப் பொருந்தி நின்றன. பல் மருத்துவர் எதையோ அழுத்தினார்; வண்ணங்கள் பரவின. கடைவாய்ப் பற்கள் பச்சையாயின. அவற்றுக்கு முன்னால் மஞ்சள் படர்ந்தது. முன்பற்கள் நான்கின் உட்புறம், நாக்குத் தொடும் பக்கம் முழுவதும், சிவந்தது.

எவரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் சிறிய ஆலையொன்றில், பாகங்களை அளந்து சோதிக்கும் அளவுக்கூடத்தின் பொறுப்பாளன் நான். புதிய பாகத்தையும் தேய்ந்த பாகத்தையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது என் அன்றாட வேலை. பச்சை என்றால் மாற்றமில்லை. சிவப்பு என்றால் அந்த இடத்தில் இருந்தது இப்போது இல்லை. சிவந்ததைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். பதினெட்டு வயது மகளின் வாயில் அந்த நிறத்தைக் கண்டபோது என்ன செய்வதென்று என் கைகளுக்குத் தெரியவில்லை.

மருத்துவர் என் மகளிடம் கேட்டார்.

"கூல்டிரிங்க்ஸ் நிறைய குடிப்பியாம்மா?"

"இல்ல மேம்."

"லெமன் ஜூஸ், சோடா, புளிப்பு மிட்டாய்?"

"வெளிய எதுவுமே வாங்க மாட்டேன்."

நான் இடையில் புகுந்தேன். "எல்லாம் வீட்ல இருந்துதான் டாக்டர். குடிக்கிற தண்ணிகூட நானே நிரப்பிக் குடுக்கறதுதான்."

அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த பெருமை இன்றும் எனக்குக் கேட்கிறது.

மருத்துவர் என்னைச் சிறிது நேரம் வெளியே உட்காரச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் பேசுவதும் என் மகள் இல்லை இல்லை என்று தலையசைப்பதும் தெரிந்தன. பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னை அழைத்தார்.

"சார், நான் சொல்றத வச்சு நீங்க எந்த முடிவுக்கும் வந்துடாதீங்க. பல்லோட உள்பக்கம் இப்படிக் கரையறதுக்கு ரெண்டு மூணு காரணம் இருக்கும். வயித்துல இருந்து ஆசிட் மேல ஏறி வந்தா இப்படி ஆகும். அடிக்கடி வாந்தி எடுத்தாலும் ஆகும்."

"அவ வாந்தியே எடுக்கறதில்லையே டாக்டர்."

"உங்களுக்குத் தெரிஞ்சு எடுக்கறதில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த வயசுப் பொண்ணுங்க சில பேரு, உடம்பு போட்டுடக் கூடாதுன்னு, சாப்பிட்டுட்டு தானாவே வாந்தி எடுத்துடுவாங்க. வருஷக்கணக்கா நடக்கும், வீட்ல யாருக்கும் தெரியாது. அவகிட்ட கேட்டேன். இல்லன்னு சொன்னா. நான் நம்பறேன். ஆனா அப்படிப் பண்றவங்களும் இல்லன்னுதான் சொல்வாங்க."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"நேரா கேட்டு மிரட்டிடாதீங்க. இன்னும் மறைக்க ஆரம்பிச்சுடுவாங்க. சாப்பிட்ட உடனே பாத்ரூம் போறாளா, ரொம்ப நேரம் இருக்காளான்னு மட்டும் கவனிங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்து, இன்னிக்கு எடுத்ததோட வச்சுப் பாப்போம். நின்னுடுச்சா, போயிட்டே இருக்கான்னு அப்ப தெரிஞ்சிடும்."

போயிட்டே இருக்கா. அம்பத்தூரிலிருந்த அந்த மருத்துவமனையை விட்டு வீட்டுக்கு, பட்டாபிராம் செல்லும் மின்தொடர் வண்டியில் என் மகள் எதிரில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்குந்தோறும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

சாப்பிட்டவுடன் அவள் குளியலறைக்குப் போகத்தான் செய்வாள். போகச் சொல்லிக் கொடுத்தவன் நான். கம்பி கழற்றிய பிறகு பற்கள் பழைய இடத்துக்கு நகர்ந்துவிடாமல் இருக்க, கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய தகடொன்றை மேல்வரிசைக்கு அணிவித்திருந்தார்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவள் அதை உணவு விடுதியில் காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்தாள். மேசை துடைத்தவர் குப்பையோடு வாரிக்கொண்டு போய்விட்டார். பயந்துபோய் எங்களிடம் மூன்று வாரம் சொல்லவில்லை. அதற்குள் பற்கள் விலகிவிட்டன. புதுத் தகடு செய்து, இன்னும் ஓராண்டு பகலிரவும் அணிய வேண்டும், சாப்பிடும்போது மட்டும் கழற்ற வேண்டும், தண்ணீர் குடிக்கக் கழற்ற வேண்டியதில்லை என்றார்கள். நான் அந்த விதியைச் சட்டமாக்கினேன். வீட்டைவிட்டுக் கிளம்பினால் மதிய உணவுக்கன்றி எதற்கும் தகட்டைக் கழற்றக்கூடாது. உண்டு முடித்ததும் வாயையும் தகட்டையும் கழுவி மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகவே அவள் தகடு கழுவத்தான் போகிறாள் என்பதை அறிந்தே இருந்தேன். தகடு கழுவ அத்தனை நேரமா என்பதை அதற்குமுன் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அன்று முதல் எண்ணினேன். இரவு எட்டு மணிக்கு உண்போம். அவள் தட்டோடு எழுவாள். கதவு மூடும், தாழ் விழும், குழாய் திறக்கும். நான் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பேன். குழாய் நீரின் ஓசைக்குள் வேறோர் ஓசை இருக்கிறதா என்று கூர்ந்து கேட்பேன். எதுவும் கேட்காது. கேட்காததால் நிம்மதி வரவில்லை. தண்ணீர் ஏன் இவ்வளவு வேகமாக விழுகிறது என்ற கேள்வியே வந்தது. அவள் வெளியே வரும்போது கண்கள் சிவந்திருக்கின்றனவா, தொண்டைக்குள் விட்டுப் பல் பட்ட தழும்பு விரல்களில் உண்டா என்று பார்ப்பேன். அலுவலகத்தில் இடைவேளையில் அந்த நோயைப் பற்றிப் படித்துவிட்டு இருக்கைக்குத் திரும்புவேன். இதயம் நின்றுவிடுவதும் உண்டு என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அன்று பிற்பகல் முழுவதும் நான் அளந்தவற்றை மறுநாள் மீண்டும் அளக்க வேண்டியதாயிற்று.

அவள் மெலிந்துவிட்டதாகவும் தோன்றியது. தினமும் பார்க்கும் முகம் மெலிவதை எவ்வாறு அறிவது? பழைய படங்களோடு ஒப்பிட்டேன். கன்னத்தில் குழி விழுந்திருந்தது. அல்லது வெளிச்சம் அப்படி. என்னால் இயன்ற ஒரே காரியத்தைச் செய்தேன். அவள் கல்லூரி சேர்ந்த நாள்முதல், காலையில் நான்கு நெல்லிக்காயை அரைத்து வடிகட்டி, உப்பிட்டு, தண்ணீரோடு கலந்து அவளுடைய புட்டியில் நிரப்பித் தருவது என் வழக்கம். பட்டாபிராமிலிருந்து சென்ட்ரல் வரை ஒரு மணி நேரம். மாலையில் மீண்டும் ஒரு மணி நேரம். கூட்டத்திலும் புழுக்கத்திலும் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். ஒவ்வொரு மிடறாக அருந்தியபடி போனால் புரட்டாது. முடிக்கும் கண்ணுக்கும் நல்லது. இப்போது உடம்பிலும் தேறட்டும் என்று நான்கு நெல்லிக்காயை ஆறாக்கினேன்.

இரண்டாம் மாதத்தில் புதிதாக ஒன்று தொடங்கியது. குளியலறைக்குள் அவள் முணுமுணுப்பாகப் பாடலானாள். குழாய் திறந்தவுடன் பாட்டும் எழும். குழாய் நிற்கும்வரை ஓயாது. ஓசையை மறைக்க ஓசை. இதுநாள்வரை எனக்கு ஐயம் மட்டுமே இருந்தது. அந்தப் பாட்டு அதைச் சான்றாக்கியது.

ஆலையில் கிரைண்டிங் இயந்திரத்தில் வேலை செய்பவர் ஒருவர் உண்டு. அம்பத்தூரிலேயே பிறந்தவர், என்னைவிட மூத்தவர், எவரையும் நைனா என்றே அழைப்பார். ஒருநாள் துளைகளை அளக்கும் எஃகுக் கேஜ் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். பளபளத்திருக்க வேண்டிய அதன் மேற்பரப்பு முழுவதும் பொடிப்பொடியாக அரித்திருந்தது.

"இன்னா நைனா இது? நேத்துதான் கவர்ல போட்டு வெச்சேன். இன்னிக்கி பாத்தா சொறி புட்ச்ச மாரி கீது."

"துடைச்சுக் காய வச்சுப் போட்டீங்களா?"

"எங்க காய வெக்கிறது? அட்த்த ஷிப்டுக்காரன் தலமேல நிக்கிறான். கூலன்ட்டுத் தண்ணி சொட்டச் சொட்ட அப்டியே போட்டேன். தூசி படக்கூடாது, கவர்லயே வையின்னு ஆடர் போட்டவன் நீதானே?"

"தண்ணி உள்ள நின்னா அரிக்காதா?"

"அதான் சொல்றேன். வெளில கெடந்தா காத்துல காஞ்சிருக்கும். கவருக்குள்ள பூந்துகினா எங்க போவும்? உள்ளயே குந்திகினு துன்னும்." என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இன்னா, ஊட்ல எதனா பிரச்சனியா? மூஞ்சி இந்தக் கேஜு மாரியே கீது. பொட்டிக்குள்ள போட்டு எதையும் பூட்டி வெக்காத நைனா. சொல்லிப்புடு."

நான் கேஜைக் கழிவில் சேர்த்து ஏட்டில் கையெழுத்திட்டேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

மனைவியிடமும் சொல்லியிருக்கவில்லை. அவளாகவே ஒருநாள் கேட்டாள்.

"என்னங்க, அவ பாத்ரூம் போனா நீங்க எதுக்கு டிவி சத்தத்தக் கொறைக்கிறீங்க?"

"விளம்பரம் போட்டான்."

"நேத்து நியூஸுக்கும் கொறைச்சீங்க. முந்தாநாள் கிரிக்கெட்டுக்கும். நீங்க கிரிக்கெட்டுக்குக் கொறைச்சு நான் பாத்ததே இல்ல."

சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"ரெண்டு மாசமா? எங்கிட்ட சொல்லாம? நான் என்ன பக்கத்து ஃபிளாட்டுக்காரியா?"

"நீ கேட்டுடுவன்னு பயந்தேன். கேக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

அவளும் கேட்கவில்லை. மகள் வெளியே வந்ததும் அவள் உள்ளே போய்க் கழிப்பிடத்தைப் பார்ப்பாள், முகர்ந்துகூடப் பார்ப்பாள். திரும்பி வந்து என்னை நோக்கித் தலையை இடவலமாக அசைப்பாள். அந்தச் சிறு வீட்டில் மூன்று பேர் இருந்தோம். இருவர் சேர்ந்து ஒருத்தியை உளவு பார்த்தோம். சோறு பரிமாறும்போது எங்கள் இருவர் கண்களும் அவள் தட்டிலேயே இருந்தன. அவள் முன்னைவிட வேகமாக உண்ணத் தொடங்கினாள். அதற்கும் நாங்கள் அஞ்சினோம்.

மூன்று மாதம் நிறைந்த சனிக்கிழமை, பிற்பகல் வண்டியில் நானும் அவளும் மட்டும் புறப்பட்டோம். வேலைநாட்களில் அவள் மகளிர் பெட்டியில் ஏறுவாள். நான் பொதுப்பெட்டியில் ஏறி அம்பத்தூரில் இறங்கிவிடுவேன். ஒரே வண்டியில் போய்வந்தும் அவள் பயணம் செய்வதை நான் பார்த்ததே இல்லை. அன்று வண்டி காலியாக இருந்ததால் எதிரெதிரே ஜன்னலோரம் அமர்ந்தோம். ஆவடி தாண்டியதும் அவள் பையிலிருந்து புட்டியை எடுத்தாள்.

"என்ன, புரட்டுதா?"

"லைட்டா. பழக்கம்பா, வண்டி ஏறினாலே கை போயிடுது."

ஒரு மிடறு வாயில் ஏந்தி, உடனே விழுங்காமல், கன்னத்துக்குக் கன்னம் உருட்டினாள். பிறகு விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேற்கு வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்திருந்தது. தகடு வாயில் இருந்தது. தகட்டுக்கும் பல்லுக்கும் இடையே வெளிறிய மஞ்சளாகச் சிறிது நீர் தங்கியிருந்தது. அதனுள் ஒரு நீர்க்குமிழி, அவள் பேசப் பேச, ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு நகர்ந்தது.

"அப்பா? என்னப்பா ஆச்சு?"

உள்ளயே குந்திகினு துன்னும். கேஜின்மேல் இருந்த பொடிப்பள்ளங்கள் என் கண்முன் வந்தன.

"நீ இத எப்பவும் தகட்டோடதான் குடிப்பியா?"

"நீதானப்பா கழட்டாதன்ன. தண்ணிக்குக் கழட்ட வேணாம்னு டாக்டரும் சொன்னாங்கல்ல."

"இது தண்ணி இல்லையே."

"தண்ணிதானப்பா. நெல்லித் தண்ணி."

காலையில் அம்பத்தூர் தாண்டி சென்ட்ரல் வரையிலும், மாலையில் திரும்பி வரும்வரையிலும், சில மாதங்களாக ஒவ்வொரு நாளும் புளிப்பு அந்த உறைக்குள் நின்றிருக்கிறது. உமிழ்நீர் கழுவ வழியில்லை. உறையைக் கழற்றாதே என்றவன் நான். புளிப்பை அரைத்தவன் நான். போதாதென்று ஆறாக்கியவனும் நான். புளிப்பு ஏதேனும் உண்டா என்று கேட்ட மருத்துவரிடம், தண்ணீர்கூட நானே நிரப்பித் தருவது என்று மார்தட்டியவனும் நானே. எங்கள் வீட்டில் அதைப் பானமாக எவரும் கருதியதில்லை, கடையில் வாங்குவதுதான் பானம், நெல்லி மருந்து.

அன்றைய ஸ்கேனை மூன்று மாதத்துக்கு முந்தையதன்மேல் வைத்தார்கள். மீண்டும் சிவந்தது. போயிட்டே இருந்தது. இரண்டு ஆண்டுக் காலத்துக்கு வந்த சிவப்பை நான் முன்பு கண்டிருந்தேன். இது மூன்றே மாதத்தின் சிவப்பு. நான் கூட்டிய இரண்டு நெல்லிக்காய்கள் அதில் இருந்தன.

நான் புட்டியை மருத்துவர் மேசையில் வைத்துச் சொல்லிமுடித்தேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார், தகட்டை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்பாடா."

"எதுக்கு மேம் அப்பாடா?" என்றாள் என் மகள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அன்னிக்கு நான் வாந்தியப் பத்திக் கேட்டேன்ல, அதையே நெனச்சுட்டு இருந்தோம்மா. சார், இதுதான் காரணமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஆனா உறுதியாச் சொல்ல மாட்டேன். இத நிறுத்திட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க. பச்சை வந்தா உறுதி."

"போன எனாமல்?" என்று கேட்டேன்.

"அது திரும்ப வளராது சார். கூசுச்சுன்னா மேல பூசிக் காப்பாத்தலாம்."

அம்பத்தூர் நடைமேடையில் வண்டிக்காகக் காத்து நின்றோம். எதிர்த் திசையில் ஒரு வண்டி வந்து போனபின் மகள் கேட்டாள்.

"நான் வாந்தி எடுக்கறேன்னு நெனச்சுத்தான் டிவியக் கொறச்சியா?"

"உனக்குத் தெரியுமா?"

"அப்பா, நம்ம வீடு எவ்ளோ பெருசு? நான் கொழாயத் தொறந்தா கிரிக்கெட் நின்னுடும். டாக்டர் ஏதோ சொல்லியிருக்காங்கன்னு புரிஞ்சுது. அதான் பாட ஆரம்பிச்சேன்."

"எது அதான்?"

"வாந்தி எடுக்கறவ பாட முடியுமா? பாட்டு விடாம கேட்டா நீ பயப்பட மாட்டல்ல? அம்மா வந்து மோந்து பாக்க ஆரம்பிச்சதும் வாய் வலிக்க வலிக்கப் பாடினேன்."

அந்தப் பாட்டைக் கேட்டு நான் பட்டது எதையும் அவளிடம் சொல்லவில்லை. "கேட்டிருக்கலாமேப்பா" என்று மட்டும் அவள் சொன்னாள். வண்டி வந்தது. அன்று அவள் மகளிர் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த மூன்று மாதமும் அச்சத்தில்தான் கழிந்தது. நெல்லிதான் காரணம் என்பதற்கு ஒரு குமிழியைத் தவிர என்னிடம் வேறு சான்றில்லை. புட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பினேன். நிரப்புமுன் முகர்ந்து பார்த்தேன். புதிய ஸ்கேனை மூன்று மாதத்துக்கு முந்தையதன்மேல் வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள்தான் என் தோளைத் தட்டினாள். முன்பற்கள் நான்கும் பச்சையாக இருந்தன. பிறகு மருத்துவர் அதையே கம்பி கழற்றிய நாளில் எடுத்ததன்மேல் வைத்துக் காட்டினார். சிவப்பு, இருந்த இடத்திலேயே இருந்தது, என்றும் இருக்கும்.

அன்று மாலை உண்டு முடித்துத் தகடு கழுவப் போனாள். தாழ் விழுந்தது, குழாய் திறந்தது, பாட்டு எழவில்லை. நான் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன்.

"அப்பா, காது செவிடா உனக்கு? கொறைப்பா!" என்று உள்ளிருந்து கத்தினாள்.

குறைத்தேன். குழாய் நின்றது. அதன்பின் ஓசை ஏதுமில்லை. கதவு திறந்து அவள் வெளியே வரும்வரை நான் மூச்சு விடவில்லை.